பீடம் அகன்ற நாட்டில் ஓர் உணவு மேசை

செபப் புத்தகத்தின் ஒரு பக்க அளவே உள்ள சிறு படம் அது. வண்ணம் எதுவும் இல்லை. கறுப்பு மையின் மெல்லிய கோடுகள் மட்டுமே. ஓர் ஏழை உழவனின் வீடு. சிறிய மேசை ஒன்றைச் சுற்றி ஒரு குடும்பம். மேசைமீது இருப்பது விருந்து அன்று. அன்றையப் பசிக்குப் போதுமா என்று ஐயுறத்தக்க எளிய உணவு. ஆயினும் ஒருவரும் இன்னும் கையை நீட்டவில்லை. உண்பதற்கு முன் அவர்கள் செபிக்கிறார்கள்.

ஒல்லாந்து நாட்டின் ஹார்லெம் நகரத்து ஓவியர் அட்ரியான் வான் ஒஸ்டாடே 1653ஆம் ஆண்டில் இதனைச் செப்புத்தகட்டில் வரைந்து அச்சிட்டார். குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில், நூலகத்துப் பழைய கலைநூல் ஒன்றில் நாம் இதனை முதன்முதலாகக் கண்டோம். இனியதொரு பக்திப் படம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட்டோம். அந்தப் படம் பிறந்த மண்ணின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோதுதான் நமது அவசரம் நமக்குப் புரிந்தது. அந்நாட்டு ஆலயங்களில் அப்போது ஒரு திருவுருவமும் இல்லை, சுவர்கள் வெள்ளையடிக்கப்பட்டிருந்தன, பீடங்கள் அகற்றப்பட்டிருந்தன. அத்தகைய நாட்டில் ஓர் ஏழையின் உணவு மேசை ஓவியனின் கண்ணுக்குப் பொருளாயிற்று. இது எவ்வாறு நேர்ந்தது? அதனைச் சற்றே ஆராய்வோம்.

உடைந்தவையும் எஞ்சியவையும்

1566ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில், அந்நாளைய நெதர்லாந்து மாநிலங்களில் சுரூப உடைப்புக் கலகம் வெடித்தது. பிளாண்டர்ஸ் பகுதியின் சிற்றூர் ஒன்றில் தொடங்கிய அது, சில நாள்களுக்குள் ஆண்ட்வெர்ப், ஆம்ஸ்டர்டாம் போன்ற பெருநகரங்களை எட்டிற்று. சுரூபங்கள் வீழ்த்தப்பட்டன; பீட ஓவியங்கள் கோடரியால் பிளக்கப்பட்டன. இதனை வெறும் வெறியாட்டம் என்று சொல்லி நாம் கடந்துவிடலாகாது. ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் கடும் ஆட்சியும், மாற்றுக் கொள்கையினரை உயிரோடு எரித்த கொடுமையும் அந்தச் சினத்தின் பின்னே நின்றன. நம் தரப்பின் குற்றத்தையும் சேர்த்தே சொல்லுவதுதான் வரலாற்றுக்கு நாம் செய்யும் நேர்மை.

அக்கலகத்தில் மிகுந்த துயருற்றவர்களுள் ஆம்ஸ்டர்டாம் ஓவியர் பீட்டர் ஏர்ட்சனும் ஒருவர். ஆலயங்களுக்காக அவர் வரைந்த பெரும் பீட ஓவியங்கள் பல அழிந்துபோயின. ஓவியர் வரலாறுகளை 1604இல் நூலாக வெளியிட்ட கரெல் வான் மாண்டர் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். வார்மன்ஹவ்சன் என்னும் ஊரில் இருந்த ஏர்ட்சனின் பீட ஓவியத்தைக் காப்பாற்ற ஒரு சீமாட்டி நூறு பவுண்டு தர முன்வந்தார். ஓவியத்தை அவரிடம் ஒப்படைப்பதற்காக ஆலயத்தைவிட்டு வெளியே கொண்டுவந்தபோது, அவ்வூர் உழவர்களே அதன்மேல் பாய்ந்து சிதைத்துவிட்டனர். தன் உழைப்பு இவ்வாறு அழிக்கப்பட்டதை எண்ணி ஏர்ட்சன் அடிக்கடி ஆறாச் சினம் கொண்டார் என்றும் வான் மாண்டர் எழுதுகிறார்.

ஆனால் ஏர்ட்சன் வரைந்தவற்றுள் வேறு வகை ஓவியங்களும் இருந்தன: சமையலறைகள், சந்தைக் கடைகள், உழவர் கூடிக் களிக்கும் வீடுகள். அவை ஆலயத்தில் அன்றித் தனியார் இல்லங்களில் இருந்தமையால் பிழைத்தன. 1551இல் வரைந்த ஓர் ஓவியம் இப்போது சுவீடன் நாட்டின் உப்சாலா நகரில் உள்ளது. முதற்பார்வைக்கு அது ஓர் இறைச்சிக் கடை மட்டுமே. தொங்கும் விலாக்கூடுகளும், மாட்டுத் தலையும், மீன்களும் கண்ணை நிறைக்கின்றன. ஆனால் இறைச்சிகளுக்கிடையே உள்ள சிறு இடைவெளியில், தொலைவில், எகிப்துக்குத் தப்பியோடும் திருக்குடும்பம் தெரிகிறது. கழுதைமேல் அமர்ந்த அன்னை மரியா, வழியில் நின்ற ஏழைச் சிறுவனுக்கு அப்பம் கொடுக்கிறார். மறு ஆண்டு வரைந்து, இன்று வியன்னாவில் உள்ள ஓவியத்திலும் இதே அமைப்புதான். முன்னே பெரியதோர் இறைச்சித் தொடை. பின்னே, சிறிய உருவங்களாக, மார்த்தா மரியாவின் இல்லத்தில் ஆண்டவர் அமர்ந்திருக்கிறார்.

கடைத்தெருவைப் பார்க்கிறவன் கடையை மட்டும் பார்த்துவிட்டுப் போகலாம். நின்று நோக்குகிறவன் ஆண்டவரைக் காணலாம். கலகத்துக்கு முன்பே வரையப்பட்ட இந்த ஓவியங்கள், பின்னர் வரவிருந்த ஒரு நூற்றாண்டுக் கலைக்கு வழிகாட்டியாயின. ஆலயத்துக்கு வரைந்தவை அழிந்தன. அடுக்களைக்கு வரைந்தவை எஞ்சின. ஒல்லாந்துக் கலையின் கதையே இந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது எனலாம்.

புதிய கலை, புதிய வாங்குவோர்

ஹார்லெம் நகரம் 1578இல் மேலும் ஒரு பேரிடியைக் கண்டது. அவ்வாண்டு மே 29ஆம் நாள், நற்கருணைப் பெருவிழாவன்று, புனித பாவோ பேராலயத்தில் கூடியிருந்த இறைமக்கள்மேல் படைவீரர்கள் பாய்ந்தனர். அதன்பின் அப்பேராலயம் சீர்திருத்தச் சபையினர் வசமாயிற்று. 1581இல் ஒல்லாந்து மாநிலத்தில் கத்தோலிக்கரின் பொது வழிபாடு தடை செய்யப்பட்டது. பீட்டர் சான்ரெடாம் என்ற ஓவியர் அப்பேராலயத்தின் உட்புறத்தைப் பின்னாளில் பலமுறை வரைந்தார். உயர்ந்த தூண்கள், வெள்ளைச் சுவர்கள், ஒளி, உருவங்கள் இல்லை. அந்த வெறுமைக்கும் ஓர் அழகு உண்டு என்பதை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் ஓவியன் பிழைப்பதற்கு அந்த வெள்ளைச் சுவர் வழிவிடவில்லை.

எனவே ஓவியர்கள் வீடுகளை நாடினர். வணிகத்தால் செழித்த அந்நாட்டில் ஓவியம் வாங்குவோர் கோமான்கள் மட்டும் அல்லர். 1640இல் ஆம்ஸ்டர்டாம் சென்ற ஆங்கிலப் பயணி பீட்டர் மண்டி, கொல்லரும் செருப்புத் தைப்போரும்கூடத் தங்கள் உலையருகே, கடையருகே ஓர் ஓவியம் மாட்டி வைத்திருந்ததைக் குறித்திருக்கிறார். மறு ஆண்டு ராட்டர்டாம் சந்தைக்குச் சென்ற ஜான் எவ்லின் என்னும் ஆங்கிலேயர், சாதாரண உழவரும் ஓவியங்களில் பெரும் பணம் முடக்குவதைக் கண்டு வியந்தார். விலை குறைந்த அச்சோவியங்களோ மேலும் பலர் கைக்குச் சென்றன. செப்புத்தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இட்டால், கீறிய இடம் மட்டும் அரிக்கப்படும். அதில் மையிட்டு ஒரே படத்தைப் பல தாள்களில் எடுக்கலாம். ஒஸ்டாடே இம்முறையில் ஏறக்குறைய ஐம்பது படங்களைச் செய்தார்.

ஒரு விந்தை ஈண்டு நோக்கத்தக்கது. நாட்டில் புனிதர் வணக்கம் விலக்கப்பட்ட பின்னும், ஓவியரின் தொழிற்சங்கம் புனித லூக்காவின் பெயரையே தாங்கி நின்றது. அன்னை மரியாவின் உருவத்தை முதன்முதல் வரைந்தவர் லூக்கா என்பது பழைய மரபு. சென்னைப் பரங்கிமலையில் உள்ள அன்னையின் படத்தையும் அவர் வரைந்ததாகவே நம் முன்னோர் போற்றி வந்தனர். அன்னையின் உருவத்தை ஆலயத்திலிருந்து அகற்றிய நகரங்கள், அவ்வுருவை வரைந்தவராகக் கருதப்பட்டவரின் பெயரை ஓவியர் சங்கத்திலிருந்து அகற்றவில்லை. ஒஸ்டாடே 1662இல் அந்தச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

நகைப்பிலிருந்து மரியாதைக்கு

உழவர் வாழ்வை வரைந்தவர்கள் எல்லாரும் உழவரை மதித்தவர்கள் என்று எண்ணிவிடலாகாது. உண்மை நேர்மாறானது. தொடக்கத்தில் உழவன் நகரத்தாரின் நகைப்புக்கு உரியவனாகவே ஓவியத்துக்குள் நுழைந்தான். பிளாண்டர்ஸ் நாட்டில் பிறந்து ஹார்லெமில் சில காலம் பணியாற்றிய அட்ரியான் பிரௌவரின் படங்களில், உழவர் குடிக்கின்றனர், புகைக்கின்றனர், சீட்டாட்டத்தில் சண்டையிட்டுக் குடத்தால் மண்டையை உடைக்கின்றனர். நகர வணிகன் அப்படத்தைத் தன் கூடத்தில் மாட்டி, 'நல்லவேளை, நாம் இப்படி இல்லை' என்று மனநிறைவு கொண்டான். ஆலயத்தில் நின்று, அருகில் இருந்த வரிதண்டுபவரைக் காட்டி நன்றி கூறிய பரிசேயரின் செபம் இதிலிருந்து எவ்வளவு தொலைவில் உள்ளது?

ஒஸ்டாடேயும் இவ்வழியில்தான் தொடங்கினார். 1610இல் ஹார்லெமில், ஒரு நெசவாளியின் மகனாகப் பிறந்த அவர், இளமையில் வரைந்தவை பெரும்பாலும் இருண்ட குடிசைகளும் கூச்சலும் கைகலப்பும்தாம். முகங்கள் மனித முகங்களாகவே இல்லை. கேலிச் சித்திரங்களாக இருந்தன. ஆனால் 1640களில் அவரது கை மாறுகிறது. குடிசையில் ஒளி பரவுகிறது. சாளரத்தின் வழியே பகல் நுழைகிறது. சண்டையிட்ட கைகள் குழந்தையை ஏந்துகின்றன.

1647ஆம் ஆண்டின் அச்சோவியம் ஒன்று 'குடும்பம்' என்றே வழங்கப்படுகிறது. உயர்ந்த கூரையின்கீழ், தட்டுமுட்டுச் சாமான்கள் இறைந்து கிடக்கும் ஓர் அறையில், பெற்றோரும் பிள்ளைகளும் தத்தம் வேலையில் ஆழ்ந்திருக்கின்றனர். மறு ஆண்டு வந்தது 'குடும்பத் தந்தை'. அதில் ஓர் உழவன் தன் மடியில் கைக்குழந்தையை வைத்துக் கரண்டியால் ஊட்டுகிறான். அதே 1648ஆம் ஆண்டில்தான் மியூன்ஸ்டர் உடன்படிக்கை கையெழுத்தாகி, ஸ்பெயினுடனான எண்பதாண்டுப் போர் முடிவுற்றது. நாடு அவ்வெற்றியைப் பெரும் விருந்துப் படங்களாலும் படைவீரர் படங்களாலும் கொண்டாடியது. ஒஸ்டாடேயோ ஒரு கரண்டிக் கூழை ஊதி ஆற்றும் தந்தையை வரைந்தார். அவர் உடன்படிக்கையை நினைத்து வரைந்தார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அமைதி என்பது எதற்காக என்று கேட்பவருக்கு, அந்தப் படத்தைவிடச் சிறந்த விடை கிடைக்குமோ என ஐயுறுகிறோம்.

இன்னொன்றும் நம் நெஞ்சைத் தொடுகிறது. ஒஸ்டாடேயின் முதல் மனைவி 1642இல் இறந்துவிட்டார். ஆம்ஸ்டர்டாம் நகரத்துக் கத்தோலிக்கப் பெண் ஒருவரை அவர் மறுமணம் செய்தது 1657இல்தான். குடும்ப வாழ்வின் இந்த மூன்று படங்களும், 1647, 1648, 1653 ஆகிய ஆண்டுகளில், மனைவியை இழந்த ஒருவரின் கையிலிருந்து பிறந்தவை. பிறர் வீட்டு அடுப்பங்கரையை அவர் எத்தகைய ஏக்கத்துடன் பார்த்தாரோ, நாம் அறியோம். பார்த்தார் என்பதை மட்டும் அறிவோம்.

இப்படங்களை அக்காலத்துப் புகைப்படங்கள் என்றும் கொள்ளலாகாது. ஒல்லாந்துக் கடற்கரை மாநில உழவருள் பலர் சந்தைக்கு வெண்ணெயும் பாலாடைக்கட்டியும் விற்று வசதியாகவே வாழ்ந்தனர் என்பதை, அவர்கள் விட்டுச்சென்ற சொத்துப் பட்டியல்களை ஆராய்ந்தவர்கள் காட்டியுள்ளனர். ஓவியத்தில் காணும் இடிந்த சுவரும் கிழிந்த உடையும் ஓரளவு ஓவியர் மரபின் கற்பனையே. 'உழவன் என்றால் ஏழை' என்ற நகரத்தார் எதிர்பார்ப்பும் அதில் கலந்திருந்தது. ஆனால் நாம் இங்கே தேடுவது சுவரின் உண்மையை அன்று, பார்வையின் மாற்றத்தை. ஒரே ஓவியர், ஒரே குடிசை, ஒரே மாந்தர். நேற்று நகைப்பதற்காகப் பார்த்தவர் இன்று மரியாதையுடன் பார்க்கிறார்.

சிரித்துக்கொண்டே செபித்தவர்

இக்கலைஞர்களுள் நம்மவர் என்று உரிமையோடு சொல்லத்தக்கவர் யான் ஸ்டேன். 1626ஆம் ஆண்டளவில் லைடன் நகரத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பீர் வடிக்கும் தொழில் நடத்தியவர். ஸ்டேனும் 1654இல் டெல்ஃப்ட் நகரில் ஒரு வடிசாலையைக் குத்தகைக்கு எடுத்து நட்டமடைந்தார். வாழ்வின் இறுதியில், 1672இல், லைடனில் மதுச்சாலை நடத்த உரிமம் பெற்றார். 1679இல் மறைந்தார். ஓவியத்தால் மட்டும் வயிறு நிறையாத தொழிலாளியின் வாழ்வு அது.

அவர் வரைந்த வீடுகள் பெரும்பாலும் ஒழுங்கற்றவை. பிள்ளைகள் கத்துகின்றனர், பாத்திரங்கள் உருளுகின்றன, பெற்றோர் குடித்து உறங்குகின்றனர். ஒழுங்கில்லாத வீட்டை 'யான் ஸ்டேன் குடும்பம்' என்று சொல்வது இன்றும் ஒல்லாந்து மொழியில் வழக்கு. இப்போது ஹேக் நகரில் உள்ள ஓர் ஓவியத்தில், பெரியோர் பாடினால் சிறியோர் குழலூதுவர் என்ற கருத்துடைய அந்நாட்டுப் பழமொழியை அவர் விளக்குகிறார். அதில் ஒரு சிறுவனுக்குப் புகைக்கக் கற்றுக்கொடுத்துச் சிரிக்கும் தந்தைக்குத் தம் சொந்த முகத்தையே கொடுத்திருக்கிறார். பிறரைக் கேலி செய்யும் ஓவியர் பலர். குற்றவாளிக் கூண்டில் தம்மையே நிறுத்தும் ஓவியர் சிலரே. பாவசங்கீர்த்தனத்தின் அருமை அறிந்தவருக்கு இது புரியும்.

ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் உள்ள 'புனித நிக்கோலாஸ் திருநாள்' ஓவியம் 1665க்கும் 1668க்கும் இடையே வரையப்பட்டது. புனிதரின் பெயரால் பிள்ளைகளுக்குப் பரிசு தரும் இரவு அது. சபைப் போதகர்கள் இவ்வழக்கத்தைப் பழைய மூடத்தனம் என்று சாடினர். சில நகராட்சிகள் தடையும் விதித்தன. ஆனால் ஸ்டேனின் வீட்டில் திருநாள் குறைவின்றி நடக்கிறது. குறும்பு செய்த சிறுவன் தன் காலணியில் பிரம்பைக் கண்டு அழுகிறான். பாட்டியோ திரைக்குப் பின்னிருந்து கையசைத்து அவனை அழைக்கிறாள். அவனுக்கும் ஏதோ ஒளித்து வைத்திருக்கிறாள். முன்னே நிற்கும் சிறுமி தன் பரிசை இறுகப் பற்றியிருக்கிறாள். அது திருமுழுக்கு யோவானின் உருவில் செய்த பொம்மை. ஆலயத்தில் சுரூபத்துக்கு இடமில்லாத நாட்டில், ஒரு புனிதர் சிறுமியின் கைகளில் குடியேறிவிட்டார்.

அதே ஸ்டேன்தான் உணவுக்கு முன் செபிக்கும் குடும்பங்களையும் வரைந்தார். 1660இல் அவர் வரைந்த ஒன்றில், எளிய உணவின்முன் அமர்ந்த குடும்பத்தின் பின்னே சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. நீதிமொழிகள் நூலின் 30ஆம் அதிகாரத்தில் உள்ள மன்றாட்டைத் தழுவிய வரிகள் அதில் உள்ளன. செல்வமும் வேண்டாம், வறுமையும் வேண்டாம், தேவையான உணவு போதும் என்ற மன்றாட்டு அது. கூச்சலிடும் வீட்டை வரைந்தவரும், செபிக்கும் வீட்டை வரைந்தவரும் ஒருவரே. நம் வீடுகளிலும் இவ்விரண்டும் ஒரே நாளில் நடப்பதை நாம் அறியாதவர்களா?

வீட்டினுள் ஆலயம்

ஸ்டேன் போன்ற கத்தோலிக்கர் திருப்பலி கண்டது எங்கே? வீடுகளில். பொது வழிபாடு தடை செய்யப்பட்டிருந்தாலும், மனச்சான்றின் உரிமையை 1579ஆம் ஆண்டின் உட்ரெக்ட் உடன்படிக்கை ஏற்றிருந்தது. எனவே வெளியே தெரியாத வண்ணம் வழிபட்டால் அதிகாரிகள் கண்டும் காணாதவராய் இருந்தனர். அதற்கெனக் கையூட்டும் பெற்றனர். ஆம்ஸ்டர்டாமில் யான் ஹார்ட்மன் என்னும் கத்தோலிக்க வணிகர் 1661இல் ஒரு வீட்டை வாங்கி, அதன் மேல்தளங்களைக் குடைந்து ஓர் ஆலயம் அமைத்தார். 1663இல் அப்பணி நிறைவுற்றது. தெருவில் நின்று பார்த்தால் அது வாய்க்கால் கரையில் உள்ள ஒரு வீடு. உள்ளே படியேறினால் பீடமும் நற்கருணையும். 1888 முதல் அது அருங்காட்சியகமாக விளங்குகிறது.

ஓவியம் வீட்டுக்குள் வந்தது. திருப்பலியும் வீட்டுக்குள் வந்தது. இரண்டும் ஒரே காலத்தில், ஒரே நகரங்களில் நிகழ்ந்தன. ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று நாம் வாதிடவில்லை. ஒஸ்டாடேயின் செபிக்கும் உழவன் எச்சபையைச் சேர்ந்தவன் என்று படம் சொல்லவில்லை. உணவுக்கு முன் செபிப்பதில் சீர்திருத்தச் சபைக் குடும்பங்களும் கண்டிப்பு மிக்கவை. அப்படத்தை நமக்கு மட்டும் உரியதென்று கைப்பற்றுவது, பிரிந்த சகோதரருக்கு இழைக்கும் அநீதியாகும். அம்மேசையில் இரு தரப்பினரும் ஒன்றாக அமரலாம். ஆலயங்களுக்காகப் போரிட்டுப் பிரிந்தவர்கள் ஒரே சொற்களால் அன்றாட உணவை வேண்டிய இடம் அது ஒன்றே.

அந்த வீட்டின் பேரழகை ரெம்பிராண்ட் 1645இல் வரைந்த 'திருக்குடும்பம்' காட்டுகிறது. இன்று புனித பீட்டர்ஸ்பர்க் நகரில் உள்ள அவ்வோவியத்தில், அன்னை மரியா ஒல்லாந்து நாட்டு எளிய பெண்ணாகவே அமர்ந்திருக்கிறார். மடியில் விரித்த புத்தகம். படிப்பதை நிறுத்திவிட்டு, பிரம்புத் தொட்டிலின் துணியை மெல்ல விலக்கிக் குழந்தையைப் பார்க்கிறார். பின்னே சூசையப்பர் மரம் செதுக்குகிறார். சிறு வானதூதர் மட்டும் மேலிருந்து இறங்கிவராவிட்டால், அது எந்தத் தச்சன் வீடாகவும் இருக்கலாம். ஓவியத்தின் ஆழ்பொருளும் அதுவே. நாசரேத்தின் முப்பது ஆண்டுகளைப் பற்றி நற்செய்தியாளர் மிகச் சிலவே எழுதினர். அந்த மௌனத்தை ஒல்லாந்து ஓவியர் வீட்டுப் பொருள்களால் நிரப்பினர்.

வரலாற்றாசிரியரிடையே இங்கே ஒரு வழக்கு உண்டு. இவ்வோவியங்களில் உள்ள பொருள் ஒவ்வொன்றும் ஒழுக்கப் பாடத்தின் சின்னம் என்பர் ஒரு சாரார். 1976இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த பெருங்கண்காட்சி அக்கருத்தைப் பரப்பியது. கண்ணால் கண்டதைக் கண்டவாறே வரைவதுதான் அக்கலையின் நோக்கம் என்று 1983இல் ஸ்வெட்லானா ஆல்பர்ஸ் தம் நூலில் மறுத்தார். மறையுரையாளராகிய நமக்கு முதற்கருத்து இனிக்கும். எதிலும் பாடம் தேடுவது நம் தொழில் அல்லவா? ஆயினும் இரண்டாவது கருத்திலும் ஓர் ஆன்மிகம் உண்டு. ஒரு மண்பானையை உற்று நோக்கி, அதை உள்ளது உள்ளபடி வரைவதற்கும் அன்பு வேண்டும்.

அதே கொடியின்கீழ் நம் முன்னோர்

இந்த அழகிய கலையைப் போற்றும்போது, தமிழ்க் கத்தோலிக்கராகிய நாம் மறக்கலாகாத மற்றொரு பக்கமும் உண்டு. இவ்வோவியங்களை வாங்கிய வணிகரின் செல்வத்தில் ஒரு பங்கு, ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வழியே வந்தது. தூத்துக்குடியும் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து அக்கம்பெனியின் கைக்கு மாறின. ஸ்டேனின் உணவுச் செப ஓவியத்துக்கு இரண்டே ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது அது. யாழ்ப்பாணத்தில் கத்தோலிக்கக் குருவுக்கு அடைக்கலம் தருவோருக்கு மரண தண்டனை என்று அறிவிக்கப்பட்டது. ஆம்ஸ்டர்டாமில் கையூட்டால் கிடைத்த சகிப்புத்தன்மைகூட அங்கே கிடைக்கவில்லை.

அங்கும் நம்பிக்கை வீடுகளுக்குள் புகுந்தது. குருக்கள் இல்லாத ஆண்டுகளில் இல்லங்களே செபமாலையையும் மறைக்கல்வியையும் காத்தன. 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்த கோவாக் குரு யோசேப் வாஸ், அத்தகைய வீடுகளைத் தேடித் தேடிச் சென்றார். 1689ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், வழிபாட்டுக்குக் கூடியிருந்த இல்லங்களுக்குள் படைவீரர் புகுந்தனர். அவ்விரவிலும் அக்குரு தப்பினார். 2015இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. அந்த வீடுகளை வரைய ஒஸ்டாடே ஒருவர் நமக்கு வாய்க்கவில்லை.

கதவுக்கு வெளியே நின்ற பங்குத்தந்தை

இருநூறு ஆண்டுகள் கழித்து, இக்கலையின் வழித்தோன்றல் ஒருவர் மீண்டும் உழவரின் மேசையை நாடினார். அவர் வின்சென்ட் வான் கோ. சீர்திருத்தச் சபைப் போதகரின் மகன். தென் ஒல்லாந்தில், கத்தோலிக்கர் மிகுந்த நியூனன் என்ற ஊரில், 1885இல் அவர் வரைந்த ஓவியம் 'உருளைக்கிழங்கு உண்போர்'. விளக்கொளியில் ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கின்றனர். முகங்கள் கரடுமுரடானவை, கைகள் எலும்பும் நரம்புமாய் உள்ளன. மண்ணைத் தோண்டிய அதே கைகளால் இவர்கள் உண்கிறார்கள், தம் உணவை நேர்மையாக ஈட்டியிருக்கிறார்கள் என்பதையே சொல்ல விரும்பியதாக அவர் தம் தம்பிக்கு எழுதினார்.

அவ்வாண்டு அக்குடும்பத்துப் பெண் ஒருத்தி திருமணமாகாமலே கருவுற்றாள். பழி ஓவியர்மேல் விழுந்தது. அவர் அதை மறுத்தார். தாழ்ந்த நிலையினரோடு அளவுக்கு மீறிப் பழக வேண்டாம் என்று ஊரின் கத்தோலிக்கக் குரு அவரை எச்சரித்தார். ஓவியர் முன் அமராதவருக்குப் பணம் தருவதாகவும் மக்களிடம் சொன்னார். ஆனால் மக்களோ, உம்மிடம் கையேந்துவதைவிட ஓவியரிடம் உழைத்துப் பெறுவதே மேல் என்று விடை கூறினார்களாம். இவை யாவும் வான் கோ 1885 செப்டம்பரில் எழுதிய கடிதத்திலிருந்து நாம் அறிவன. குருவின் தரப்பு நியாயமும் இருந்திருக்கலாம். தம் ஆடுகளைக் காக்கும் கவலை அவருக்கு உண்டு. அக்கவலையை நாமும் அறிவோம்.

ஆயினும் அவ்வோவியத்தின் இடப்பக்க மேல் மூலையை நாம் பார்க்கும்போதெல்லாம் நமக்குக் கூச்சம் உண்டாகிறது. அங்கே கடிகாரத்தின் அருகே, மங்கலாக, ஒரு சிறு படம் மாட்டப்பட்டிருக்கிறது. அது சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் படம். அந்த வீட்டில் ஆண்டவர் இருப்பதைப் போதகரின் மகன் கண்டு, தம் தூரிகையால் பதிவு செய்தார். பங்குத்தந்தை கண்டது அவ்வீட்டின் அவதூறை மட்டுமே.

பங்குக் குடும்ப அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வீடுவீடாகச் செல்லும் நமக்கு இது ஒரு ஆத்தும சோதனை. திருப்பலிக்கு வருகிறார்களா, பாஸ்கா கடமை முடித்தார்களா, திருமணம் ஒழுங்கானதா என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். கேட்க வேண்டியவைதாம். ஆனால் அந்த வீட்டில் யார் யாருக்கு ஊட்டினார்கள், எந்தச் சுவரில் எந்தப் படம் தொங்கியது, நாம் வருவதற்குச் சற்று முன் எந்தச் செபம் முடிந்தது என்பதற்கு அட்டையில் கட்டம் இல்லை. வீட்டை இல்லத் திருச்சபை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964இல் அழைத்தது. நாமோ பல வேளைகளில் அதனைத் திருச்சபையாகப் பார்ப்பதில்லை. திருச்சபையின் கணக்கில் ஒரு வரியாகவே பார்க்கிறோம்.

இறைமக்களாகிய உங்களுக்கும் ஒரு சொல். உங்கள் மேசை சிறியதாயிற்றே, பாத்திரம் நசுங்கியதாயிற்றே, பிள்ளைகள் ஓரிடத்தில் அமர்வதில்லையே என்று குறைபட வேண்டாம். ஸ்டேனின் வீட்டில் இதைவிடக் கூச்சல் இருந்தது. ஆலயங்களில் பீடம் அகன்ற நாளிலும் ஆண்டவர் அந்நாட்டைவிட்டு அகலவில்லை. அவர் தங்கியிருந்த இடம் கைவிரிப்பு அளவே உள்ள ஒரு மரப்பலகை. அதைச் சுற்றிச் சிலர் கைகூப்பி இருந்தனர். ஒஸ்டாடே வாசலில் நின்று, செபம் முடியும்வரை காத்திருந்து, பின்னரே வரைந்திருப்பார் என்று எண்ண நமக்கு ஆசை. நாமும் இனி எந்த வீட்டு வாசலிலும் அவ்வளவு நேரமாவது காத்திருக்கக் கற்றுக்கொள்வோம்.